பின் அப்சார்பர், ஸ்பிரிங் மாற்றுவது: வீட்டு வாசலில் செய்யும் முறை

மலேசியாவின் சிலாங்கூரில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்குப் பின்சக்கரத்துச் சத்தம் பழகிப்போன ஒன்று. தோட்டத்து உட்சாலைகள் எல்லாம் செம்மண். மழை விட்டதும் பள்ளமும் வரப்புமாகக் கிடக்கும். செம்பனைக் குலையை வெட்டியபின் காலம் கடத்தாமல் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். ஆகவே மழைக்காகவும் லாரிகள் நிற்பதில்லை. நான் ஆலையின் எடைமேடையில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு லாரியும் எத்தனை டன் சுமையோடு அந்தச் சாலையை மிதித்துவிட்டு வந்திருக்கிறது என்பது என் கண்முன் திரையில் தெரியும். அந்தச் சக்கரங்கள் தோண்டிய பள்ளத்தில்தான் அப்புறம் நம்முடைய சின்னக் கார்கள் இறங்கி ஏறுகின்றன. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கியது இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். நூறு ஆண்டுக்கு மேலாகப் பாரம் சுமக்கிற மண் இது.

போதாக்குறைக்கு நாம் ஏற்றும் பாரம் வேறு. பின் இருக்கையில் மூன்று பெரியவர்கள், பூட் என்கிற பின்பெட்டியில் அரிசி மூட்டை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிற அன்று பால்குடச் சாமான்களும் தண்ணீர்க் கேன்களும் சேர்ந்துகொள்ளும். இத்தனையும் பின்னச்சின் மேல்தான் உட்காருகிறது.

தேய்ந்துபோன பின் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் மாற்றும் வேலையை வீட்டில் செய்யலாம். கல்லூரிப் படிப்பு தேவையில்லை. பொறுமையும் சரியான கருவிகளும் போதும். என் தந்தை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். போல்ட்டை எப்போது இறுக்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பை நான் இன்றுவரை விட்டதில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முக்கியக் காரணமும் அதுதான். அந்த இடம் வரும்போது நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

என்னுடையது முதல் தலைமுறை பெரோடுவா மைவி, 2005-இல் சந்தைக்கு வந்த வடிவம். அதன் பின்பக்கம் டோர்ஷன் பீம் என்கிற ஒரே அச்சு இரண்டு சக்கரங்களையும் இணைக்கிறது. ஸ்பிரிங் ஓரிடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும். அப்சார்பர் அதற்குப் பக்கத்தில் தனியாக நிற்கும். இப்படிப்பட்ட கார்களுக்குத்தான் இந்த முறை. புரோட்டோன் வீராவைப் போல ஸ்பிரிங்கை அப்சார்பரின் மேலேயே மாட்டியிருக்கும் கார் உங்களுடையது என்றால், முழுத் தொகுதியாகக் கழற்றுவதுவரை வீட்டில் செய்யுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கி அப்சார்பரிலிருந்து பிரிப்பதை மட்டும் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். அமுக்கிய ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவினால் முகத்தையோ கையையோ சிதைத்துவிடும். கடையில் விற்கும் மெலிந்த கொக்கிக் கருவிகளை நான் நம்புவதில்லை.

எது கெட்டிருக்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. பள்ளத்தில் விழுந்த ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதே அதன் வேலை. கார் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று அப்சார்பரை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். புது அப்சார்பர் போட்டாலும் கார் தாழ்ந்தபடியேதான் நிற்கும். தாழ்ந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஆடினால் அப்சார்பரைப் பாருங்கள்.

பூட்டின் ஒரு மூலையில் இரு கைகளையும் வைத்து நன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். கார் எழும்பி ஒருமுறை அமர்ந்து நின்றுவிட வேண்டும். மீண்டும் மீண்டும் குதித்தால் அப்சார்பர் போய்விட்டது. ஆனால் குதிக்கவில்லை என்பதால் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பாதி தேய்ந்த அப்சார்பர் இந்தச் சோதனையில் தேறிவிடும். அடுத்து, டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவுங்கள். அலையலையாக மேடும் பள்ளமும் தட்டுப்பட்டால், சக்கரம் தரையைவிட்டுத் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்று பொருள். அப்சார்பரின் உடலைப் பாருங்கள். மேலே லேசான ஈரப்பூச்சு, அதில் தூசி படிந்திருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. எண்ணெய் கோடாக வழிந்து அடிவரை செம்மண் சேறாக ஒட்டியிருந்தால் சீல் கிழிந்துவிட்டது.

சிறிய மேட்டில் ஏறும்போதே ‘டொக்’ என்று ஒற்றைச் சத்தம் வந்தால் அது பெரும்பாலும் போல்ட் நுழையும் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ், அல்லது மேல் நட்டு தளர்ந்திருக்கும். புஷ்ஷில் நகம் நுழையும் அளவு வெடிப்பு தெரியும். ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் அடிச்சுற்றில்தான். சேறு தங்கி, ஈரம் நின்று, துரு பிடித்து ஒரு விரல்நீளத் துண்டு முறிந்து, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்திலேயே கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கையை விட்டுத் தடவ வேண்டும்.

மழையில் வழுக்கும் தார்ச்சாலையில் பிரேக் போடும்போது தேய்ந்த அப்சார்பர் பின்சக்கரத்தைத் தரையில் ஊன்றவிடாது. அது சத்தத்தைவிடப் பெரிய ஆபத்து.

வாங்கும்போது

இடதும் வலதும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பழையது என்றால் வளைவில் கார் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மாதிரி சாயும். கடைக்குப் போகும்போது காரின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கெரான் என்கிற கார் பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வந்த கார்களுக்கு அப்சார்பரின் நீளமும் ஸ்பிரிங்கின் தடிப்பும் மாறுபடும்.

அப்சார்பரோடு மேல் ரப்பர்கள், தூசி உறை, பம்ப் ஸ்டாப் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். பம்ப் ஸ்டாப் என்பது அப்சார்பர் தண்டிலோ பீமின் மேலோ இருக்கும் மஞ்சள் அல்லது கறுப்பு நிற நுரைக்கட்டி. பழைய காரில் அது கையில் பொடியாக உதிரும். அது இல்லாமல் ஓட்டினால், பாரத்தோடு பள்ளத்தில் விழும்போது இரும்பு இரும்பில் மோதிப் புது அப்சார்பரும் வீணாகும். ஸ்பிரிங்கின் மேலும் கீழும் உட்காரும் ரப்பர் தட்டுகளும் அப்படித்தான். தானாகத் தளராத லாக் நட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். ஒருமுறை கழற்றியவற்றின் பிடி தளர்ந்துவிடும்.

பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். அப்சார்பர் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெயும் வால்வும் எவ்வளவு உழைத்தவை என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னும் இரண்டைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். காரைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை வெட்டும் இளைஞர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். வெட்டிய ஸ்பிரிங் அதற்குரிய கிண்ணத்தில் உட்காராது. பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது நழுவி வெளியே விழும். தாழ்ந்த காரை உயர்த்துவதற்காகச் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டைகளைச் சொருகுவதும் தவறு. சொருகிய இடம் அசையாது. அதன் சுமையெல்லாம் மற்றச் சுற்றுகளுக்குப் போகும், அங்கே முறியும். ஸ்பிரிங் தளர்ந்தால் புது ஸ்பிரிங் போடுவதே மருந்து.

இடமும் தாங்கலும்

சமமான சிமெண்டுத் தரை வேண்டும். வீட்டு வாசலில் செம்மண் தரைதான் இருக்கிறது என்றால் சிமெண்டு போட்ட உறவினர் வீட்டுக்குக் காரைக் கொண்டுபோங்கள். காய்ந்திருக்கும்போது கல்லைப்போல இருக்கும் செம்மண், ஜாக்கின் சின்னச் சக்கரத்தின் கீழ் மெல்ல மெல்ல அமுங்கும். பலகை போட்டுச் சமாளிக்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடி காற்றில் தொங்குகிறது. காரை நிறுத்தி வைக்க அதனால் ஆகாது. ஆகவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுங்கள். கையால் மாற்றும் கியர் என்றால் முதல் கியரில் விடுங்கள். தானியங்கி என்றால் ‘பி’யில் நிறுத்துங்கள்.

காரோடு வரும் கத்தரி ஜாக் டயர் மாற்ற மட்டும். இந்த வேலைக்குச் சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக் ஒன்றும், ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடியும் வேண்டும். பீமைத் தாங்கப் பிடிக்க இரண்டாவது சின்ன ஜாக் ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். காரின் கையேட்டில் காட்டியிருக்கும் விளிம்பில் ஸ்டாண்டுகளை வைத்து, எடையை அவற்றின் மேல் இறக்கிவிட்டு, மட்கார்டைப் பிடித்துக் காரை உலுக்கிப் பாருங்கள். அசைந்தால் மறுபடியும் இறக்கி, மறுபடியும் வையுங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்தின் கீழ்ப் படுக்கப் போடுங்கள். எது நழுவினாலும் உங்கள் மேல் விழாமல் அது தாங்கும்.

செங்கல், சிமெண்டுக் கல் எதையும் காரின் கீழ் வைக்காதீர்கள். அவை விரிசல் விட்டு எச்சரிப்பதில்லை. ஒரே நொடியில் தூளாகிவிடும். ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் தலையைக் கொடுக்கவே கூடாது. வீட்டில் துணைக்கு ஒருவர் இருக்கும்போதுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். எனக்கு என் அக்காள் மகன் துணை.

கழற்றுவது

முந்தின நாள் மாலையே சக்கரத்தின் பின்னால் கையை விட்டு அப்சார்பரின் கீழ் போல்ட்டை எட்டி, கம்பித் தூரிகையால் சேற்றைத் தேய்த்துவிட்டுத் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். மறுநாள் காலை இன்னொரு முறை. இந்தச் சின்ன வேலையைச் செய்யாதவர்கள்தான் போல்ட்டை முறித்துவிட்டுப் பட்டறைக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

12, 14, 17 மில்லிமீட்டர் ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும், நீண்ட கைப்பிடி ஒன்றும் எடுத்து வையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், காரின் அடியிலிருந்து துருவும் காய்ந்த மண்ணும் நேராகக் கண்ணில்தான் விழும்.

காரைத் தூக்குவதற்கு முன்பே ஓர் அளவை எடுத்துவிட வேண்டும். கார் சமதரையில், ஆளில்லாமல், நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது, பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்ட் விளிம்புவரை அளவுநாடாவால் அளந்து, காகித ஒட்டுநாடாவில் எழுதி அங்கேயே மட்கார்டில் ஒட்டிவிடுங்கள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இது எதற்கு என்பது பின்னால் விளங்கும்.

பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகவே தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பீம் முறுக்கிக்கொள்ளும், ஸ்பிரிங் வெளியே வராது. தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றியதும், சின்ன ஜாக்கை ஸ்பிரிங் கிண்ணத்தின் அடியில் ஒரு மரக்கட்டை வைத்துத் தொடும்படி நிறுத்துங்கள். பீம் கீழே விழாமல் பிடித்துவைத்திருப்பது அப்சார்பர்தான் என்பதை மறக்கக்கூடாது. ஜாக் இல்லாமல் கீழ் போல்ட்டை உருவினால் பீம் திடீரென்று இறங்கும். பிரேக் குழாய் இழுபடும். விரல் நடுவே இருந்தால் நசுங்கும்.

மேல் நட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல சின்னக் கார்களில் பூட்டின் பக்கத் தகட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடியின் கீழ் இருக்கும். நட்டைத் திருப்பினால் தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் நுனியில் தட்டையாக்கிய பகுதி ஒன்று இருக்கிறது. அதைச் சின்ன ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை விடுங்கள். வாஷர், ரப்பர், வாஷர், புஷ் என்று எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் ஒரு செய்தித்தாளில் அடுக்குங்கள். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதும் முக்கியம்: குழிந்த வாஷரின் குழிவு ரப்பரைப் பார்த்திருக்கும்.

பிறகு கீழ் போல்ட். நட்டை எடுத்தபின்னும் போல்ட் நகராவிட்டால் சின்ன ஜாக்கை ஒரு விரற்கடை ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். சுமை சரியாக விலகும் ஓரிடத்தில் போல்ட் தானாக நழுவும். தட்டித்தான் எடுக்க வேண்டும் என்றால் நட்டை நுனிவரை திரும்ப மாட்டி அதன்மேல் தட்டுங்கள், மரை கெடாது. தீச்சுடர் காட்டிச் சூடேற்றுவதை வீட்டில் செய்யவே கூடாது. பெட்ரோல் தொட்டி அங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. பிரேக் குழாயும் ரப்பர்தான்.

அப்சார்பர் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். ஸ்பிரிங்கும் மாற்றுவதானால் இரண்டு பக்கத்தையும் விடுவித்து, பிரேக் குழாயைப் பார்த்துக்கொண்டே பீமை மெதுவாக இறக்குங்கள். பிரேக் போடும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் கம்பி பீமோடு கிளிப்பில் மாட்டியிருந்தால் அதை முதலில் விடுவியுங்கள். போதுமான அளவு இறங்கியதும் ஸ்பிரிங் கிண்ணத்தில் லொடலொடவென்று ஆடும், கையாலேயே எடுத்துவிடலாம். ஆடாத ஸ்பிரிங்கைக் கம்பி விட்டு நெம்பாதீர்கள். அதில் இன்னும் இறுக்கம் இருக்கிறது.

கிண்ணத்தில் பல ஆண்டுச் செம்மண் களியாகத் தங்கியிருக்கும். அதைச் சுரண்டி எடுங்கள். அடியில் தண்ணீர் வடிவதற்கென்று துளை இருக்கும்; ஒரு கம்பியை விட்டு அதைத் திறந்துவிடுங்கள். அந்தத் துளை அடைத்துக்கொண்டதால்தான் நம் ஊர்க் கார்களில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று துருப்பிடித்து முறிகிறது. துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பெயிண்ட் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். நான் இந்த இடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவேன்.

மாட்டுவது

புது அப்சார்பர் பெட்டியில் படுத்தே கிடந்திருக்கும். உள்ளே எண்ணெயோடு காற்று கலந்திருக்கலாம். கட்டியிருக்கும் பட்டையை வெட்டும்போது தண்டு தானாக எழும்பும், முகத்துக்கு நேரே வைத்திருக்காதீர்கள். பொருத்தும்போது நிற்கிற அதே நிலையில் செங்குத்தாகப் பிடித்து, முழுவதும் அழுத்தி, முழுவதும் எழவிட்டு, நாலைந்து முறை செய்யுங்கள். முதலில் நடுவில் ஓரிடம் வெறுமையாக நழுவுவது கைக்குத் தெரியும். காற்று விலகியதும் ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே எதிர்ப்பு இருக்கும்.

பளபளப்பான அந்தத் தண்டைக் குறடால் பிடிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது சீலை அறுத்துக்கொண்டே இருக்கும், வாங்கிய சில மாதங்களில் எண்ணெய் வழியும்.

ஸ்பிரிங்கின் அடிநுனி ரப்பர் தட்டில் இருக்கும் படிக்கட்டு போன்ற தடுப்பில் முட்டும்படி உட்கார வேண்டும். மேல் கீழ் மாற்றி வைக்காதீர்கள். ஜாக்கை மெல்ல ஏற்றும்போது ஒருவர் ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். திரும்பிவிட்டால் இறக்கிச் சரிசெய்யுங்கள். அப்சார்பரின் மேல்பகுதியை முதலில் மாட்டி நட்டை லேசாகப் பிடித்துவைத்து, பிறகு கீழ்க் கண்ணுக்குள் போல்ட்டைக் கையாலேயே மரையேற்றுங்கள். கையால் ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றினால் மரை பழுதாகும். மேல் ரப்பர்களை வாஷரின் அகலத்துக்கு உப்பும்வரை இறுக்கினால் சரி. பிதுங்கி வழியும்வரை இறுக்கக்கூடாது.

இந்த இடத்தில்தான் என் அக்காள் மகன் கேட்டான்: “சின்னம்மா, கீழ் போல்ட்டையும் இப்போதே இறுக்கிவிடலாமே? சக்கரம் மாட்டிவிட்டால் கை எட்டாதே?”

இறுக்கக்கூடாது. காரணத்தைக் கையில் ஒரு பழைய அப்சார்பரை வைத்துக்கொண்டு பார்த்தால் உடனே புரியும். கீழ்க் கண்ணுக்குள் ஓர் இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர், ரப்பரைச் சுற்றி வெளி வளையம். ரப்பர் இரண்டோடும் பிடித்திருக்கிறது. போல்ட்டை இறுக்கியதும் உட்குழாய் பீமோடு ஒன்றாகிவிடும், அது சுழலாது. அதற்குப் பிறகு சக்கரம் ஏறி இறங்கும்போது அசைவது ரப்பர் மட்டுமே, அது முறுக்கிக்கொண்டு விடுகிறது. பீம் கீழே தொங்கும்போது இறுக்கினால், ரப்பருக்கு அந்தத் தொங்கும் நிலைதான் ஓய்வுநிலை. காரைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வாசலில் சும்மா நிற்கும்போதும், ஈரத்துணியைப் பிழிந்து பிடித்தபடியே வைத்திருப்பதுபோல, முறுக்கிலேயே இருக்கும். பள்ளத்தில் விழுந்தால் அதற்குமேல் இன்னும் முறுக்கு. அந்த ரப்பர் சீக்கிரமே வெடித்து மறுபடியும் ‘டொக்’ சத்தம் கேட்கும். அப்போது நாம் பொருளைக் குறை சொல்வோம். பொருள் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

அவசரப் பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. கார் உயரத்தில் தொங்கும்போதே காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி இறக்கிவிடுகிறார்கள். அடுத்த வீட்டுப் பெரியவரின் காருக்கு ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்தார்கள். தீபாவளிக்கு முன் போட்ட அப்சார்பரின் புஷ் பொங்கல் தாண்டியதும் கிழிந்திருந்தது; எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. நான் படுத்துப் பார்த்தபோது ரப்பரின் ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தது. முறுக்கில் கிழிந்த ரப்பர் அப்படித்தான் கிழியும்.

ஆகவே கீழ் போல்ட்டைக் கைப்பிடி அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு, சக்கரங்களை மாட்டி, காரைத் தரையில் இறக்குங்கள். பூட்டைச் சில முறை அழுத்தி விடுங்கள். கட்டைகளை எடுத்துக் காரை ஓர் அடி முன்னும் பின்னும் தள்ளுங்கள். தூக்கி இறக்கியபோது உள்ளே இழுபட்ட டயர்கள் தம் இடத்துக்கு வரும், உயரம் சரியாக அமையும். திரும்பக் கட்டை கொடுத்துவிட்டு, காரின் பின்னால் படுத்துக் கையை நீட்டிக் கீழ் போல்ட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதை உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கை எட்டவில்லை என்றால் இன்னொரு வழி. அப்சார்பர் மட்டும் மாற்றியிருக்கிறீர்கள், பழைய ஸ்பிரிங்தான் என்றால், காரை ஸ்டாண்டிலேயே வைத்துக்கொண்டு பீமின் அடியில் ஜாக்கை ஏற்றுங்கள். மட்கார்டில் ஒட்டிவைத்த அந்த அளவு வரும்வரை ஏற்றி, அங்கே நிறுத்தி இறுக்குங்கள். சக்கரம் இல்லாதபோது அச்சின் நடுவிலிருந்து அளக்கலாம். கார் ஸ்டாண்டைவிட்டு எழும்பத் தொடங்குவதுபோல் தெரிந்தால் நிறுத்துங்கள். ஸ்பிரிங்கையும் மாற்றியிருந்தால் இந்த அளவு உதவாது. தளர்ந்த ஸ்பிரிங்கின் உயரம் அது. புது ஸ்பிரிங் காரை அதைவிட உயரமாக நிறுத்தும். அப்போது சக்கரங்களைத் தரையில் ஊன்றியே இறுக்க வேண்டும். தடித்த பலகைகளின் மேல் நான்கு சக்கரங்களையும் ஏற்றி நிறுத்தினால் கை நுழைய இடம் கிடைக்கும்.

பீமின் முன்முனையில் காரோடு சேரும் பெரிய புஷ் இரண்டுக்கும் இதே விதிதான். ஆனால் அவற்றை மாற்ற அழுத்தும் இயந்திரம் வேண்டும். ரப்பரில் உள்ள பிளவுகள் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. அதைப் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். கார் தரையில் நிற்கும் உயரத்தில்தான் போல்ட்டை இறுக்க வேண்டும் என்று ஃபோர்மனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல ஃபோர்மன் தலையசைப்பார். ‘அதெல்லாம் தேவையில்லை’ என்பவரிடம் காரை விடாதீர்கள்.

முடித்தபின்

சக்கர நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். மைவி போன்ற சின்னக் கார்களுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர். பிரேக் குழாய் எங்கும் முறுக்கிக்கொள்ளவில்லை, ஏபிஎஸ் கம்பி கிளிப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று கை வைத்துப் பாருங்கள். பிறகு தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்குள் வேகத்தடைகள் இருக்கும் பாதையில் மெதுவாக ஓட்டி, கண்ணாடியை இறக்கிக் காது கொடுங்கள். புது ரப்பர் முதல் நாள் லேசாக முனகலாம். இரும்புச் சத்தம் வரக்கூடாது; வந்தால் பெரும்பாலும் மேல் நட்டுதான்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி சரிபாருங்கள். ஸ்பிரிங் மாற்றியவர்கள் முன்விளக்கின் உயரத்தையும் பார்க்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்ததும் விளக்கு கீழ்நோக்கிச் சாயும். விளக்குக்கம்பம் இல்லாத தோட்டச் சாலையில் அது பெரிய குறை. கார் ஒரு பக்கமாக இழுத்தால் சக்கரங்களின் நேர்நிலையை (அலைன்மென்ட்) பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய அப்சார்பர்களை வெட்டவோ நெருப்பில் போடவோ கூடாது. பலவற்றில் வாயு அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும். எண்ணெய் வடிந்துகொண்டிருந்தால் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டி, பழைய இரும்பு வாங்க வரும் லாரிக்காரரிடம் உள்ளே வாயு இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். சிந்திய எண்ணெயை மரத்தூள் போட்டு அள்ளுங்கள். வாசல் வாய்க்காலில் கழுவி விடாதீர்கள். எங்கள் ஊர் வாய்க்கால் தண்ணீர் சிலாங்கூர் ஆற்றில்தான் போய்ச் சேருகிறது. அந்த ஆற்று நீரைத்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் லட்சக்கணக்கானோர் குடிக்கிறார்கள்.